ஒற்றைக் கீழறை இதயம் (பெரியவர்களில் படிமமாக்கலும் முன்கணிப்பும்)

ஒற்றைக் கீழறை இதயம் என்பது, குருதியை உந்தித் தள்ளும் இரு கீழறைகளுள் ஒன்று மட்டுமே பயன்படத்தக்க அளவுக்கு வளர்ந்திருக்கும் பிறவி இதயக் குறைபாடுகளின் பொதுப்பெயர் ஆகும். கீழறை என்பது பேச்சு வழக்கிலும் மருத்துவமனைகளிலும் வெண்ட்ரிக்கிள் எனவும், இலங்கைத் தமிழில் இதயவறை எனவும் வழங்கப்படுகிறது. மூவிதழ் வால்வு உருவாகாமை, இடது இதயக் குறைவளர்ச்சி, இரு மேலறைகளும் ஒரே கீழறையில் திறத்தல் முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. பெயர் இவ்வாறிருப்பினும், பெரும்பாலானோருக்கு இரண்டாவது கீழறை அறவே இல்லாமல் இருப்பதில்லை. சிறு பையைப் போல ஒட்டிக்கொண்டு, உந்தும் வேலைக்கு உதவாததாக இருக்கும்.

1970களுக்கு முன்னர் இக்குறைபாடுகளுடன் பிறந்தோரில் பெரும்பாலோர் குழந்தைப் பருவத்தைத் தாண்டவில்லை. அறுவை மருத்துவத்தின் வளர்ச்சியால் இந்நிலை மாறியது. இதற்கான இறுதிக்கட்ட அறுவையைச் செய்துகொண்டு வாழ்வோர் உலகில் 50,000 முதல் 70,000 பேர் வரை இருக்கலாம் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் 18 வயதைக் கடந்தவர்கள் என்றும் அமெரிக்க இதயச் சங்கம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. இவ்வாறு வளர்ந்துவிட்டவர்களின் இதயத்தைப் படம்பிடித்து எவற்றை அறியலாம், அவற்றைக் கொண்டு எதிர்காலம் பற்றி எந்த அளவுக்குக் கூறலாம் என்பன இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

சுற்றோட்டத்தின் அமைப்பு

இயல்பான இதயத்தை, ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்ட இரு எக்கிகளாகக் கருதலாம். வலது கீழறை நுரையீரலுக்கும், இடது கீழறை உடலுக்கும் குருதியை அனுப்புகின்றன. ஒரு சொட்டுக் குருதி முழுச் சுற்றை முடிக்க இரு எக்கிகளையும் கடந்தாக வேண்டும். மின்சுற்றுப் பாடம் படித்தவர்கள் இதனைத் தொடர் இணைப்பு என்று உடனே அறிந்துகொள்வர்.

ஒற்றைக் கீழறையுடன் பிறக்கும் குழந்தையில் இது பக்க இணைப்பாக மாறிவிடுகிறது. ஒரே எக்கி ஒரே நேரத்தில் நுரையீரலுக்கும் உடலுக்கும் குருதியைப் பகிர்ந்து அனுப்புகிறது. ஆக்சிசன் செறிந்த குருதியும் ஆக்சிசன் குறைந்த குருதியும் கலந்துவிடுவதால் உதடும் நகமும் நீலம் பூக்கின்றன. நுரையீரலுக்குச் செல்லும் பங்கு மிகுந்தால் நுரையீரல் தமனிகள் நாளடைவில் தடித்துக் கெட்டுப்போகின்றன. குறைந்தால் நீலம் மிகுகிறது. எவ்வாறாயினும் அந்த ஒரு கீழறை இரு மடங்கு வேலையைச் செய்கிறது.

ஃபோன்டான் அறுவை

இதற்குத் தீர்வாக வந்த அறுவையின் கருத்து, முதன்முறை கேட்போருக்கு வியப்பளிப்பது. உள்ள ஓர் எக்கியை உடலுக்கென்று ஒதுக்கிவிட்டு, நுரையீரலுக்கு எக்கியே இல்லாமல் விட்டுவிடுவதுதான் அது. உடலிலிருந்து திரும்பும் சிரைக்குருதி நேரடியாக நுரையீரல் தமனிக்குள் இணைக்கப்படுகிறது. சிரைகளில் எஞ்சியுள்ள சிறிதளவு அழுத்தமும், மூச்சு உள்ளிழுக்கும்போது மார்பினுள் ஏற்படும் உறிஞ்சலும், நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சிரைகளைப் பிழிவதும் சேர்ந்தே குருதியை நுரையீரல் வழியாக ஓட்டுகின்றன.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் கிளென் மேற்பெருஞ்சிரையை நுரையீரல் தமனியுடன் இணைத்த அறுவையை 1958இல் விவரித்தார். பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் பிரான்சிசு ஃபோன்டான் 1968இல் கீழ்ப்பெருஞ்சிரைக் குருதியையும் இவ்வழியில் திருப்பி, முடிவுகளை 1971இல் வெளியிட்டார். மேலறை ஒன்று எக்கியாகச் செயல்படும் என்பது அவரது தொடக்க எண்ணம். இலண்டனில் மார்க் டி லெவாலும் குழுவினரும் 1988இல் நீரியல் சோதனைகளின் துணையுடன் இதனை மறுத்தனர். விரிந்து துடிக்கும் மேலறை ஓட்டத்துக்கு உதவவில்லை. மாறாக, சுழிப்புகளை உண்டாக்கி ஆற்றலை வீணாக்கியது. அதன்பின் நேரான குழாய்ப் பாதைகளே விரும்பப்பட்டன. இன்று வழக்கமாகக் குழந்தையின் முதல் ஆண்டில் கிளென் இணைப்பும், சுமார் 3 முதல் 5 வயதுக்குள் ஃபோன்டான் இணைப்பும் எனப் பல கட்டங்களில் இது செய்யப்படுகிறது.

அறுவைக்குப்பின் நீலம் பெரும்பாலும் மறைகிறது. குருதியின் ஆக்சிசன் செறிவு 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. இயல்பான ஒருவரின் பெருஞ்சிரைகளில் 5 மில்லிமீட்டர் பாதரச அளவை ஒட்டியிருக்கும் அழுத்தம், இவர்களுக்கு எப்போதும் 10 முதல் 15 வரை இருக்கும். அந்த அழுத்தம் இல்லையேல் நுரையீரலுக்குக் குருதி செல்லாது. அந்த அழுத்தமே கல்லீரலையும் குடலையும் நிணநீர்க் குழாய்களையும் பல ஆண்டுகளில் பாழ்படுத்துகிறது. மூச்சும் நடையும் நன்றாக இருக்கும் ஒருவருக்கும் தொடர்ந்து படங்கள் எடுக்க வேண்டியிருப்பது இதனாலேயே.

எக்கோ

மீயொலியால் இதயத்தைக் காணும் எக்கோ வரைவுதான் முதற் சோதனை. செலவு குறைவு, கதிர்வீச்சு இல்லை, படுக்கையருகே செய்யலாம். வால்வுக் கசிவை மதிப்பிட இதுவே ஏற்றது. கீழறையின் நுழைவாயில் வால்வு கசியத் தொடங்குவது முன்கணிப்பில் கெட்ட அறிகுறி என்பதால் இது சிறு பயன் அன்று.

எனினும் எக்கோ அறிக்கையில் காணப்படும் வெளியேற்ற விகிதம், அதாவது மருத்துவமனைகளில் இ.எஃப். என்று சொல்லப்படும் விழுக்காடு, இவர்களிடம் தவறான நிம்மதியைத் தரக்கூடும். இவ்விகிதத்தைக் கணிக்கும் எளிய வாய்பாடுகள் இடது கீழறை நீள்வட்ட வடிவம் உடையது என்று கொள்கின்றன. ஒற்றைக் கீழறை பலருக்கு வலது வகையைச் சேர்ந்தது. அது பிறை வடிவில் வளைந்து, உட்புறம் தசைப்பின்னல் நிறைந்து காணப்படும். பல முறை திறக்கப்பட்ட மார்பின் தழும்புகளும், வளர்ந்தவரின் மார்பெலும்பும் நுரையீரலும் மீயொலியை மறைப்பது வேறு. இவற்றினும் அடிப்படையான காரணம் ஒன்றுண்டு. வெளியேற்ற விகிதம் என்பது நிரம்பிய குருதியில் எத்தனை விழுக்காடு வெளியேறுகிறது என்பது மட்டுமே. ஃபோன்டான் சுற்றோட்டத்தில் கீழறைக்கு வந்து நிரம்பும் குருதியே குறைவு. குறைவாக நிரம்பியதில் 55 விழுக்காடு வெளியேறினாலும் உடலுக்குக் கிடைப்பது குறைவே. எண் நன்றாக இருக்க, மனிதர் மாடிப்படி ஏற இயலாமல் இருப்பது இப்படித்தான்.

காந்த ஒத்ததிர்வுப் படிமமாக்கல்

எம்.ஆர்.ஐ. என்று பரவலாக அறியப்படும் இம்முறை கீழறையின் வடிவம் பற்றி எதனையும் முன்கூட்டியே கொள்வதில்லை. இதயம் அடியிலிருந்து நுனிவரை மெல்லிய துண்டங்களாகப் படமெடுக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டத்திலும் குழிவின் எல்லை வரையப்பட்டு, பரப்புகள் தடிமனால் பெருக்கிக் கூட்டப்படுகின்றன. இதனால் பிறை வடிவமும் வட்ட வடிவமும் ஒன்றே. பிறவி இதயக் குறைபாடுள்ள பெரியவர்களில் கொள்ளளவை அளக்க இதுவே உரைகல்லாகக் கொள்ளப்படுகிறது.

இங்குதான் படமும் முன்கணிப்பும் நேரடியாகச் சந்திக்கின்றன. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஃபோன்டான் அறுவை செய்துகொண்ட 215 பேரின் எம்.ஆர்.ஐ. அளவுகளை, அவர்களுக்குப் பின்னர் நேர்ந்தவற்றுடன் ஒப்பிட்டு 2014இல் வெளியிட்டனர். முழுமையாக விரிந்த நிலையில் கீழறை கொள்ளும் குருதியின் அளவை, உடற்பரப்பின் 1.3 அடுக்கால் வகுத்தால் கிடைக்கும் எண் 125 மில்லிலீட்டரைத் தாண்டியவர்களிடையே இறப்பும் இதய மாற்றுத் தேவையும் மிகுந்திருந்தன. வெறும் உடற்பரப்பால் வகுக்காமல் அடுக்கு சேர்ப்பது, சிறுவரையும் பெரியவரையும் ஒரே அளவுகோலில் வைப்பதற்காக. உடற்பரப்பு 1.5 சதுர மீட்டர் உள்ள ஒருவருக்கு இவ்வரம்பு ஏறத்தாழ 212 மில்லிலீட்டர் ஆகும். அதே உடலளவுள்ள இயல்பான ஒருவரின் இடது கீழறை கொள்வதைப்போல் இது இருமடங்கை நெருங்குகிறது. இந்த எண்ணை நல்லதற்கும் கெட்டதற்கும் நடுவே கட்டிய சுவராகப் பார்த்தல் கூடாது. ஒருவரின் அளவு 90இலிருந்து 105, 118 என்று ஆண்டுதோறும் ஏறிவருவது, இன்னொருவரின் அளவு 128இல் பல ஆண்டுகள் அசையாமல் நிற்பதைவிடக் கவலைக்குரியதாக இருக்கலாம்.

எம்.ஆர்.ஐ. ஓட்டத்தையும் அளக்கிறது. நீண்டகாலம் ஆக்சிசன் குறைவாக இருந்தவர்களில் பெருந்தமனியிலிருந்து நுரையீரலுக்குச் சிறு பக்கக்குழாய்கள் தாமாக முளைக்கின்றன. இவற்றை ஒவ்வொன்றாக எண்ணுவது இயலாது. கணக்குப்பதிவாளர் வரவையும் செலவையும் ஒப்பிடுவதுபோல் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். நுரையீரல் தமனிகளில் சென்றதைவிட நுரையீரல் சிரைகளில் திரும்பியது கூடுதலாக இருந்தால், அந்தக் கூடுதல் பக்கக்குழாய்கள் வழியாக வந்ததாகும். அக்குருதி உடலுக்குப் பயன்படாமல் கீழறைக்கே மீண்டும் வருவதால், கீழறை வீணாகச் சுமை தாங்கி விரிகிறது.

கடோலினியம் என்னும் மாறுபடுபொருளைச் சிரையில் செலுத்திச் சிறிது நேரம் கழித்துப் படமெடுத்தால் தசையிலுள்ள தழும்புகள் வெண்மையாகத் தெரியும். இதே பாஸ்டன் குழு 2010இல் 90 பேரை ஆராய்ந்தபோது 28 விழுக்காட்டினரிடம் இத்தகைய தழும்புகள் இருந்தன. அவர்களுக்குக் கீழறை பெரிதாகவும், சுருங்குதிறன் குறைவாகவும், கீழறையில் தோன்றும் தாளக்கோளாறு மிகுதியாகவும் காணப்பட்டன.

இம்முறையின் குறைகளும் சில. இதயமுடுக்கி பொருத்தப்பட்டவர்கள் ஃபோன்டான் நோயாளிகளிடையே கணிசமானோர். பழைய முடுக்கிகளுடன், சிறப்பாக இதயத்தின் வெளிப்புறம் தைத்த கம்பிகளுடன், எம்.ஆர்.ஐ. எடுப்பதற்குத் தனி முன்னேற்பாடு தேவை. பக்கக்குழாய்களை அடைக்க வைத்த உலோகச் சுருள்கள் படத்தில் கருநிழலாக விழுகின்றன.

சி.டி. வரைவும் போலிக் கட்டியும்

எம்.ஆர்.ஐ. இயலாதபோது சி.டி. வரைவு உதவுகிறது. இதில் ஃபோன்டான் நோயாளிகளுக்கே உரிய பொறி ஒன்று இருப்பதால் தனியே கூறவேண்டியுள்ளது. வழக்கமாக மாறுபடுபொருள் கைச்சிரையில் செலுத்தப்பட்டு, சில நொடிகளில் நுரையீரல் தமனிகள் படமெடுக்கப்படுகின்றன. இயல்பான இதயத்தில் அதற்குள் வலது அறைகள் எல்லாவற்றையும் கலக்கிவிட்டிருக்கும். ஃபோன்டான் சுற்றோட்டத்தில் கலக்குவதற்கு அறை இல்லை. கையிலிருந்து வரும் பொருள் மேற்பெருஞ்சிரை வழியாக ஒருபுறமாகச் செல்ல, காலிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் வரும் சாயமேறாத குருதி அதன் அருகிலேயே இருண்டு ஓடுகிறது. அந்த இருட்டு, படத்தில் அச்சு அசலாகக் குருதி உறைகட்டியைப் போலவே தோன்றும்.

இல்லாத கட்டிக்கு மருந்து தொடங்கப்படுவதும், மறுபுறம் உண்மையான கட்டி இந்தக் குழப்பத்தில் தவறவிடப்படுவதும் நேரக்கூடியவை. ஒரு நிமிடத்துக்கு மேல் தாமதித்து இரண்டாவது முறை படமெடுப்பதோ, கையிலும் காலிலும் ஒரே நேரத்தில் பொருளைச் செலுத்துவதோ இதற்கு வழியாகும். எனவே ஃபோன்டான் அறுவை செய்துகொண்டவர் சி.டி. எடுக்கும் இடத்தில் அதனை முன்னரே கூறுதல் இன்றியமையாதது. "இதய ஆபரேஷன் ஆகியிருக்கிறது" என்று மட்டும் சொன்னால் போதாது. அறுவையின் பெயர் தெரியவேண்டும்.

கல்லீரல்

இதயப் படிமமாக்கல் பற்றிய கட்டுரையில் கல்லீரலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். உயர்ந்த சிரை அழுத்தம் முதலில் சென்று தேங்கும் உறுப்பு அதுவே. அறுவைக்குப்பின் பத்தாண்டுகள் கடந்த ஏறக்குறைய அனைவரிடமும் ஓரளவு நார்த்திசு வளர்ச்சி உண்டு. சிலரிடம் அது கரணைநோயாக, அதாவது கல்லீரல் இறுக்கமாக முற்றுகிறது. கல்லீரல் புற்றுநோய் இளம் வயதிலேயே தோன்றியதும் உண்டு. மதுவருந்தாதவருக்கும் மஞ்சள் காமாலை வைரசு தொற்றாதவருக்கும் இது வரும் என்பதால், ஊரில் தேவையற்ற பழிச்சொல்லுக்கும் இடமளிக்கிறது.

மீயொலி நோட்டமும் கல்லீரல் விறைப்பளவியும் பயன்படுகின்றன. ஆயினும் விறைப்பளவி தரும் எண்ணில் நார்த்திசுவும் தேங்கிய குருதியும் சேர்ந்தே இருக்கின்றன. கல்லீரல் நோய்க்கென்று வகுக்கப்பட்ட அட்டவணையை அப்படியே இங்குப் பொருத்தினால் நோய் மிகைப்படுத்தப்படும்.

முன்கணிப்பு

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் 1973 முதல் 2012 வரை ஃபோன்டான் அறுவை செய்துகொண்ட 1,052 பேரைப் பற்றிய ஆய்வு 2015இல் வெளிவந்தது. 10 ஆண்டுகளில் 74, 20 ஆண்டுகளில் 61, 30 ஆண்டுகளில் 43 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். இந்த எண்களைத் தம் குழந்தைக்கு அப்படியே பொருத்திக் கலங்குவோர் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். 2001ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் அறுவை செய்யப்பட்டோரில் 10 ஆண்டு வாழ்வு 95 விழுக்காடு. 30 ஆண்டுக் கணக்கு என்பது 30 ஆண்டுகளுக்கு முந்தைய அறுவையின் கணக்காகவே இருக்க முடியும்.

எனினும் அறுவை சிறப்பாக நடந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் சரியன்று. இதனை முதலில் வெளிப்படையாகக் கூறியவர்களில் ஃபோன்டானே ஒருவர். எல்லா நிபந்தனைகளும் நிறைவேறிய குறையற்ற அறுவைக்குப் பின்னரும் 15 ஆண்டுகளில் 73 விழுக்காட்டினரே எஞ்சுவர் என்று அவரும் குழுவினரும் 1990இல் கணித்தனர். தம் பெயரால் வழங்கும் அறுவையைப் பற்றி ஒருவர் இவ்வாறு எழுதியது போற்றத்தக்கது.

இறப்புக்கும் நலிவுக்கும் வழிகள் பல. கீழறை சோர்தல், மேலறைத் தாளக்கோளாறு, குருதி உறைந்து பக்கவாதம் ஏற்படுதல், குடல் வழியாகப் புரதம் வடிதல், மூச்சுக்குழாயில் நிணநீர் வார்ப்புகள் உருவாதல் ஆகியன அவற்றுள் முதன்மையானவை. புரதம் வடிவோருக்குக் காலும் வயிறும் வீங்கும். இதயப் படம் நன்றாகவே இருக்கலாம், குருதியின் ஆல்புமின் அளவுதான் காட்டிக்கொடுக்கும். படங்களுடன் உடற்பயிற்சிச் சோதனையும் சேர்க்கப்படுவது இதனால்தான். ஓடுபட்டையில் ஒருவர் பயன்படுத்தும் ஆக்சிசனின் உச்ச அளவு, அவரது சுற்றோட்டம் முழுவதன் மதிப்பெண் போன்றது. இதுவும் ஒருமுறை எடுத்த மதிப்பெண்ணைவிட, ஆண்டுக்காண்டு எப்படி மாறுகிறது என்பதிலேயே பொருள் மிகுந்தது. உடனடி மருந்து என்று ஒன்று கிடைத்துவிடவில்லை. 400 வளரிளம் பருவத்தினரிடம் உடெனாஃபில் என்னும் மருந்தைச் சோதித்து 2019இல் வெளிவந்த முடிவில், உச்ச ஆக்சிசன் அளவு குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. கால் தசைகளை வலுவாக்கும் பயிற்சி, எக்கி இல்லாத சுற்றுக்கு உண்மையிலேயே ஓர் எக்கியாக உதவுகிறது. மருத்துவரைக் கேட்டுச் செய்யத்தக்கது.

மகப்பேறு

உலக நல நிறுவனத்தின் திருத்திய வகைப்பாட்டில், சிக்கலற்ற ஃபோன்டான் சுற்றோட்டம் உள்ள பெண்ணின் கருவுறுதல் மூன்றாம் வகையாகவும், சிக்கல்கள் உள்ளவரின் கருவுறுதல் தவிர்க்கத்தக்க நான்காம் வகையாகவும் வைக்கப்பட்டுள்ளது. கருச்சிதைவும் குறைமாதப் பிறப்பும் மிகுதி. குருதி உறையாமைக்குத் தரப்படும் வார்ஃபரின் கருவுக்குத் தீங்கு செய்யும். ஆகவே படங்களும் உடற்பயிற்சிச் சோதனையும் கருவுற்ற பின்னர் அல்ல, அதற்கு முன்னரே, இயலுமாயின் திருமணப் பேச்சு நடக்கும் காலத்திலேயே எடுக்கப்பட வேண்டியவை. மார்பிலுள்ள தழும்பைப் பெண் பார்க்க வருவோரிடம் மறைக்கும் வழக்கம் உள்ள ஊர்களில் இது எளிதன்று.

அறுவை செய்யப்படாத பெரியவர்கள்

மேலை நாட்டு நூல்களில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும் இப்பிரிவினர் இந்தியாவில் இன்றும் மருத்துவமனைகளுக்கு வருகின்றனர். நுரையீரல் வால்வு பொருத்தமான அளவுக்குக் குறுகியிருந்ததால், நுரையீரல் காக்கப்பட்டு, நீலத்துடன் முப்பது வயதைக் கடந்தவர்கள் இவர்கள். இவர்களிடம் படம் விடைகூற வேண்டிய வினா வேறு: நுரையீரல் தமனிகள் இன்னும் நலமாக உள்ளனவா, இனியாவது அறுவை செய்யலாமா? இதற்கு எக்கோவும் எம்.ஆர்.ஐ.யும் போதா, காத்தீட்டர் வழியாக அழுத்தத்தை அளந்தாக வேண்டும். குருதி தடித்திருப்பதைக் கண்டு வழக்கமாகக் குருதியை வடித்துவிடுவது இரும்புச்சத்துக் குறைவையும் பக்கவாத வாய்ப்பையும் கூட்டும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் பள்ளிச் சிறார்க்கான இளம் சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டம் 2008இலும், கலைஞர் காப்பீட்டுத் திட்டம் 2009இலும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012இலும் தொடங்கப்பட்டன. பிறப்பு முதல் 18 வயது வரை உள்ளோரைச் சோதிக்கும் தேசியச் சிறார் நலத்திட்டம் 2013இல் வந்தது. இவற்றின் பயனாக, முன்பு அறுவைக்கே வழியில்லாதிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது வளர்ந்து கல்லூரிக்கும் வேலைக்கும் செல்கின்றனர். பள்ளியில் வந்து சோதித்த குழுவினர் 18 வயதுக்குப்பின் வருவதில்லை. சிகிச்சையளித்த குழந்தை இதய மருத்துவரும் அத்துடன் பொறுப்பை ஒப்படைக்க வேண்டியவர். ஒப்படைக்கப்பட வேண்டிய இடம், அதாவது பிறவி இதயக் குறைபாட்டில் தேர்ந்த பெரியவர் மருத்துவப் பிரிவு, சில நகரங்களில் மட்டுமே உள்ளது.

தருமபுரி மாவட்டத்தின் காரிமங்கலத்தை எடுத்துக்கொள்வோம். இவ்வூர் தருமபுரிக்கும் கிருட்டிணகிரிக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலையில் உள்ளது. தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008 முதல் இயங்குவதால், எக்கோவும் குருதிச் சோதனையும் அரை நாள் வேலை. ஒற்றைக் கீழறையை அளந்து பழகிய இதய எம்.ஆர்.ஐ. பிரிவுக்கு வேலூரோ பெங்களூரோ சென்னையோ செல்ல வேண்டும். பெங்களூரு நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். வேலூர் சுமார் 150. சென்னை அதன் இருமடங்கு அளவு. நலமாக உணரும் 22 வயது இளைஞர், ஒரு நாள் கூலியை விட்டு அவ்வளவு தொலைவு சென்று படமெடுப்பதன் காரணம் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தால்தான் செல்வார். சொல்லப்பட வேண்டியது இதுவே: இன்றைய படம் பெரும்பாலும் இன்றைக்காக எடுக்கப்படுவதில்லை, ஐந்தாண்டு கழித்து எடுக்கப்போகும் படத்துடன் ஒப்பிடுவதற்காக எடுக்கப்படுகிறது.

அவ்வொப்பீடு நடக்க, பழைய படம் கையில் இருக்க வேண்டும். பலரும் அறிக்கைத் தாளையும் பிலிமையும் மட்டும் பையில் வைத்திருப்பர். பிலிமில் ஒரு சில படங்களே அச்சாகின்றன; அவற்றைக் கொண்டு கொள்ளளவை மீண்டும் கணிக்க இயலாது. முழுப் படத்தொகுதியும் டைகாம் என்னும் பொது வடிவில் சேமிக்கப்படுகிறது. 1993 முதல் இப்பெயரில் வழங்கும் இச்சீர்தரம், ஒரு நிறுவனத்தின் பொறியில் எடுத்த படத்தை வேறெந்த நிறுவனத்தின் கணினியிலும் திறக்க வகைசெய்கிறது. படமெடுத்த இடத்தில் குறுந்தகடாகவோ, விரலியிலோ, இணைய இணைப்பாகவோ இதனைக் கேட்டுப் பெறலாம். குறுந்தகடுகள் கீறலுற்றுக் கெட்டுவிடும் என்பதால் வேறோர் இடத்திலும் படியெடுத்து வைப்பது நல்லது. அதனுடன் இருக்க வேண்டிய மற்றொரு தாள், குழந்தைப் பருவ அறுவைகளின் பெயரும் நாளும், பொருத்திய குழாயின் அளவும், உலோகச் சுருள் அல்லது முடுக்கியின் விவரமும் கொண்ட அறுவைக் குறிப்பு. பெற்றோர் கையிலுள்ள பழைய கோப்பில் இது பெரும்பாலும் இருக்கும். 18 வயதாகும்போது அக்கோப்பு பிள்ளையின் கைக்கு மாற வேண்டும்.